தம்பியின் காலை நேர்ந்துகொண்டவள்

செஞ்சியிலிருந்து கிளம்பிய ஆறாவது நாள் காலையில், கொள்ளிடம் பாலத்தின் நடுவில், அமலோற்பவத்தின் வலது முட்டி இனி மடங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. அதை வலி என்று சொல்ல முடியாது. வலி விழுப்புரம் தாண்டும்போதே வந்துவிட்டது. அதையும் கூட்டிக்கொண்டுதான் இத்தனை நாளாக நடந்து வந்தாள். இது வேறு. காலைத் தூக்கி வைத்தால், யாரோ கட்டிவிட்ட மரக்கட்டை மாதிரி அது முன்னால் போய் விழுந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கீழே புதுத் தண்ணீர் செம்மண் கலரில் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது.

பின்னால் வந்த மங்கை பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாடி, ஆத்த வெல பேசிக்கினு நிக்கிற?"

"காத்து வாங்குறேன்."

"வாங்கு, வாங்கு. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி கெடக்குது. காத்து வாங்குறாளாம்."

மங்கை, செஞ்சி கடைத்தெருவில் அமலோற்பவத்தின் தையல் கடைக்கு எதிரில் பூ கட்டி விற்கிறவள். அவள் வீட்டில் கும்பிடுவது மேல்மலையனூர் அம்மனை. இருந்தாலும் மூன்று தடவை வேளாங்கண்ணிக்கு நடந்துவிட்டாள். எந்த அம்மாவாக இருந்தாலும் வீடு தேடி நடந்து போனால்தான் மரியாதை என்பது அவள் கட்சி.

மொத்தம் முப்பத்திரண்டு பேர். ஒவ்வொரு ஆவணியிலும் காவி கட்டிக்கொண்டு, மாதா சொரூபம் வைத்த சின்னச் சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவது போல ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி கிளம்புவார்கள். விழுப்புரம், பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று ஒன்பது நாள் நடை. மூட்டை முடிச்செல்லாம் பின்னால் வரும் குட்டியானை லோடு வண்டியில் இருக்கும். அதில் சாமான்தான் ஏறலாம். நேர்த்திக்கடனுக்கு நடக்கிறவர்கள் ஏறக் கூடாது. ஏறினால் அந்த வருஷ நடை நடையில்லை. இது யாரும் எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனால் மீறினவர்களும் கிடையாது.

அந்த முப்பத்திரண்டு பேரும் போட்டிருந்த காவி அமலோற்பவம் தைத்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் அளவில் கால் விரற்கடை பிசகினாலும் பிரித்துத் தைப்பாள். வழியில் காலையும் அவள்தான் தைக்க வேண்டும். பாதத்தில் கொப்புளம் வந்தவர்கள் இடம் தங்கியதும் அவளிடம் வந்து காலை நீட்டுவார்கள். ஊசியை நெருப்பில் காட்டி, வெள்ளை நூல் கோத்து, கொப்புளத்தின் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்கி, நூலை உள்ளேயே விட்டு இரண்டு பக்கமும் நறுக்கிவிடுவாள். நூல் வழியாக நீர் கசிந்து விடிவதற்குள் கொப்புளம் வற்றிவிடும். அத்தனை பேர் காலையும் பார்த்தவளுடைய முட்டியைப் பார்க்க ஆளில்லை. அவளும் காட்டவில்லை.

ஒன்பது மணிக்குச் சீர்காழி போய்ச் சேர வேண்டியவள் பதினொன்றரைக்குத்தான் சேர்ந்தாள். யாத்திரைக்காரர்கள் தங்க ஒரு கல்யாண மண்டபத்தை ஒதுக்கித் தந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்திக்கொண்டு வரும் செபாஸ்தியான், அவள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்ததும் முட்டியைப் பார்த்தார். அது இன்னொரு முட்டியைவிட ஒன்றரை மடங்கு இருந்தது.

"அமலோற்பவம், இதுக்கு மேல நீ குட்டியானையில வா. மாதா ஒண்ணும் கோச்சிக்காது."

"சாயங்காலம் சரியாயிடும்ணே."

"நீ சொல்லிக்கினே இரு. எனக்கு டென்ஷன் ஆவுது."

"ஏறுனா கணக்கு கெட்டுடும்ணே."

"அப்டி இன்னா கணக்கு உனக்கு?"

அமலோற்பவம் துணியால் முட்டியை மூடிக்கொண்டாள். அந்தக் கணக்கு மங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு தடவை வடலூர் பக்கம் மழைக்கு ஒதுங்கியபோது வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அது தம்பி ஜேம்ஸ் சம்பந்தப்பட்டது.

ஜேம்ஸ் அவளுக்குப் பதினான்கு வயது இளையவன். அவனுக்கு நான்கு வயதில் அம்மா போய்விட்டாள். நைனா கல்லுடைக்கப் போகிறவர், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அவனுக்குத் தலை சீவிவிடுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது, பேனா தொலைத்தால் அடிப்பது, அடித்துவிட்டுப் புதுப்பேனா வாங்கித் தருவது எல்லாம் அமலோற்பவம்தான். கல்யாணம் ஆகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் அவன் சாப்பிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்து முதல் வகுப்பில் வந்தான். மார்க் ஷீட்டைக் கடைக்குக் கொண்டுபோய், ஜாக்கெட் தைக்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். அரசாங்கப் பரீட்சை மூன்று தடவை எழுதியும் கிடைக்கவில்லை. நான்காவது தடவை எழுதிவிட்டு அவன் வீட்டில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், கோயில் பஸ்ஸில் ஏறி வேளாங்கண்ணிக்குப் போனாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் மொட்டை, வெள்ளிக் கண்மலர், ஆளுயர மெழுகுவர்த்தி என்று என்னென்னவோ நேர்ந்துகொண்டார்கள். நாம் எதைக் கொடுப்பது என்று அமலோற்பவம் யோசித்தாள். நடந்து வருகிறேன் என்று சொல்லலாம். ஆனால் தன் கால் என்ன பெரிய கால்? பொழுது விடிந்தால் பொழுது போனால் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிற கால். அதைக் கொடுத்து அரசாங்க வேலையைக் கேட்பது அவளுக்கே அல்பமாகத் தெரிந்தது. கொடுப்பதென்றால் வீட்டில் இருப்பதிலேயே விலை உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் விலை உயர்ந்தது ஜேம்ஸ்தான்.

"என் தம்பிக்கு கவர்மென்ட் வேல கெடைச்சா, அவன் ஏழு வருஷம் காவி கட்டி, செஞ்சிலேருந்து உன் வாசலுக்கு நடந்து வருவான் தாயே."

சொல்லி முடித்தபோது அவளுக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் நிற்கிற எவளும் இந்த மாதிரி ஒன்றைக் கொடுத்திருக்க மாட்டாள் என்று நினைத்தாள்.

நான்கு மாதத்தில் வேலை கிடைத்தது. விழுப்புரத்தில் நெடுஞ்சாலைத் துறை ஓவர்சியர். அந்த ஆவணியில் சொல்லலாம் என்றால், சேர்ந்த புதிதில் எதற்கும் லீவு கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் எலிசபெத்தோடு கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வருஷம் ஆனி மாதம், பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்து, ஜேம்ஸ் விழுந்து, முழங்காலுக்குக் கீழே வலது கால் இரண்டாக உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அமலோற்பவத்துக்கு விளங்கிவிட்டது. தருகிறேன் என்று சொன்ன காலைத் தராததால், மாதாவே வந்து எடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவனிடம் எப்படிச் சொல்வது? கம்பி வைத்த காலைப் பார்த்து, இது நான் நேர்ந்துகொண்ட கால் என்று எந்த வாயால் சொல்வது? அந்த ஆவணியில் தானே காவி கட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் விழுப்புரத்தில் கட்டிலில் கிடந்தான். ஒருத்தரும் கேட்காமல் அவன் பெயரில் இவள் நடந்தாள்.

முதல் வருஷம் கால் போன போக்கில் அழுதுகொண்டே போனாலும், வழி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அது உண்மை. தரங்கம்பாடியில் ரோட்டிலிருந்து விலகிப்போய்க் கடலுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வேளாங்கண்ணிக் கடலை வேறு கூட்டத்தோடு பார்த்திருக்கிறாள், ஆனால் அங்கே எப்போதும் யாரையாவது கையில் பிடித்திருக்க வேண்டும். நடையில் ஒன்பது நாள் யாரும் ஜாக்கெட் எப்போது ஆகும் என்று கேட்க மாட்டார்கள். உலை கொதித்ததா என்று பார்க்க வேண்டாம். வழியில் வருஷா வருஷம் பார்க்கிற முகங்கள் சேர்ந்தன. திருக்கடையூருக்கு முன்னால் வீட்டு வாசலில் மோர்ப் பானையோடு நிற்கும் அம்மாக்கண்ணு. தரங்கம்பாடி டீக்கடை ராஜாராம். அவர்களிடமெல்லாம் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போனதில்லை. பேசுவது எல்லாம் தம்பியைப் பற்றித்தான்.

அப்படி ஆறு நடை முடிந்தது. நடுவில் கொரோனா வந்து இரண்டு வருஷத்தைத் தின்றது. அப்புறம் முட்டி வலியில் இரண்டு வருஷம் போயிற்று. இந்த வருஷம் ஏழாவது. வயது ஐம்பத்து மூன்று. கிளம்பும்போதே அவளுக்கு ஆசை இல்லை. கடலும் வேண்டாம், மோரும் வேண்டாம், முடிந்தால் போதும் என்றுதான் கிளம்பினாள்.

அவள் சாப்பிட்டு அசந்த நேரத்தில் மங்கை வெளியே போய் ஜேம்ஸுக்குப் போன் போட்டாள்.

மூன்றரை மணிக்குக் கார் வந்தது. ஆபீஸ் சட்டையும் ஷூவுமாக ஜேம்ஸ் மண்டபத்துக்குள் வந்தான். அக்காவைப் பார்த்ததும் மண்டியிட்டு முட்டியைத் தொட்டான். அவள் பல்லைக் கடித்தாள்.

"கெளம்பு, டாக்டர்கிட்ட போவலாம்."

"எவ சொன்னது உனக்கு?"

"நாந்தான் சொன்னேன்," என்றாள் மங்கை. "இப்ப இன்னா, என்ன போலீசுல புடிச்சிக் குடுப்பியா?"

டாக்டர், முட்டியில் நீர் கோத்திருக்கிறது, பத்து நாள் காலை ஊன்றக் கூடாது, மீறினால் அப்புறம் தன்னிடம் வர வேண்டாம் என்றார். மண்டபத்துக்குத் திரும்பி வந்து ஜேம்ஸ் அவள் பையை எடுத்தான்.

"வா. ஏழு மணிக்கெல்லாம் விழுப்புரம் போயிடலாம். எலிசபெத் கஞ்சி வெக்கிறேன்னு சொன்னா."

"நான் வரல."

"அக்கா, வெளையாடாத. அடுத்த வருஷம் கார்ல நானே கூட்டிக்கினு வரேன். ஒரே நாள்ல பாத்துட்டுத் திரும்பிடலாம்."

"கார்ல வந்தா ஆவாது."

"ஏன் ஆவாது? சாமி இன்னா டிக்கெட்டா கேக்குது, நடந்து வந்தியா கார்ல வந்தியான்னு?"

அமலோற்பவம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கைக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்பா ஜேம்சு, அவ நடக்கறது அவளுக்கில்ல. உனக்கு."

"மங்க, சும்மா இரு."

"நான் ஏன் இருக்கணும்? இத்தினி வருஷமா இருந்தது நீதான. உனக்கு வேல கெடைச்சா நீ ஏழு வருஷம் நடந்து வருவன்னு மாதாகிட்ட எழுதிக் குடுத்துட்டாப்பா உங்கக்கா. நீ வரல. அதான் இவ நடக்கறா."

ஜேம்ஸ் பையைக் கீழே வைத்தான். அவனுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். நைனாவுக்கும் அப்படித்தான்.

"நெஜமாவாக்கா?"

"ம்."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

"பரீட்ச எழுதுனது நானு. ராத்திரி பகலா படிச்சது நானு. மாதாவா வந்து எழுதிச்சி?"

"நீ படிச்சத நான் பாக்கலன்னா சொன்னேன்? ஒரொரு நாளும் டீ போட்டுக் குடுத்தது யாரு?"

அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப... நான் கால் ஒடைஞ்சி கெடந்தப்ப நீ போனது?"

"அதுதான் மொத நட."

"யக்கா, அந்தப் பத்து நாளும் உன்ன எப்டி வைஞ்சிக்கினு கெடந்தேன் தெரியுமா? எலிசபெத்துகிட்ட கூட சொன்னேன், எங்கக்காவுக்கு என்னவிட மாதாதான் பெருசு, நான் இப்டிக் கெடக்கும்போது ஜாலியா கெளம்பிட்டான்னு. இத்தினி வருஷமா அத மனசுல வச்சிக்கினு இருந்தேன்."

இது அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் திடீரென்று மடியில் வைத்தது போல இருந்தது. பத்து வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததை அவளும் எடுத்து வைத்துவிட்டாள்.

"உன் கால் ஒடைஞ்சது என்னாலதாண்டா. சொன்ன மாதிரி உன்ன அனுப்பல நானு."

"நாயாலக்கா. செவல நாயி. நான் என் கண்ணால பாத்தேன்."

"அந்த நாய யாரு அனுப்புனது?"

மங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓவர்சியரே, இதுக்குப் பதில் சொல்லு பாக்கலாம்," என்றாள்.

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு முழுக்கச் சோர்வு இறங்கியிருந்தது. இந்தத் தம்பியிடம் அவள் இதுவரைக்கும் எதையும் கேட்டதில்லை. சம்பளம் வந்தபோதும் கேட்கவில்லை, வீடு கட்டினபோதும் ஒரு நாள் தங்கிக்கொள்கிறேன் என்று கேட்கவில்லை. கொடுக்கிற கைதான் அவளுடையது என்று இருந்துவிட்டாள். கேட்பதற்கு வாய் எப்படி வரும் என்றே தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்குது. நீ நடக்கிறியா?"

மண்டபத்தில் யாரோ பாத்திரத்தை உருட்டினார்கள். ஜேம்ஸ் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான்.

"எனக்கு இதுல நம்பிக்க இல்லக்கா."

"தெரியும்."

"நம்பிக்க இல்லாதவன் நடந்தா செல்லுமா?"

"எனக்குத் தெரியல ஜேம்சு."

அவன் எழுந்து வெளியே போனான். கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போய்விட்டான் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து வந்தான். ஆபீசுக்குப் போன் பண்ணி மூன்று நாள் லீவு சொல்லியிருந்தான். எலிசபெத்திடம் திட்டும் வாங்கியிருந்தான். கையில் புது ரப்பர் செருப்பு.

"செபாஸ்தியாண்ணே, காவி சட்ட எதுனா இருக்குதா?"

செபாஸ்தியானுடைய மாற்றுச் சட்டை ஒன்று இருந்தது. அவர் ஆள் பெரிய ஆள். ஜேம்ஸ் போட்டதும் தோள் இரண்டும் இறங்கி முழங்கைக்கு வந்துவிட்டது. அமலோற்பவம் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"கிட்ட வா."

"ஏன்?"

"இப்டியேவா ரோட்டுல போவ? தச்சது யாருன்னு கேட்டா என் பேரத்தான் சொல்வாங்க. நில்லு."

அவன் போட்டபடியே நிற்க, அவள் உட்கார்ந்தபடியே இரண்டு தோளிலும் மடிப்புப் பிடித்து ஓட்டுத்தையல் போட்டாள்.

மறுநாள் காலை, நடக்கிற கூட்டத்துக்கு முன்னும் பின்னுமாகக் குட்டியானை போயிற்று. டிரைவர் அரிகிருஷ்ணன் பக்கத்தில் காலை நீட்டி அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள். ஏழு நடையில் முதல் தடவையாக வண்டியிலிருந்து ரோட்டைப் பார்த்தாள். நடக்கும்போது பெரிதாகத் தெரிந்த புளிய மரமெல்லாம் வண்டியில் போனால் ஒன்றுமேயில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடியில் ஜேம்ஸைத் தேடினாள்.

ஜேம்ஸ் மங்கையோடு நடந்தான். முதல் பத்து கிலோமீட்டருக்கு வேகமாகப் போனான். ரோட்டைப் பற்றியே பேசினான். ஒரு கிலோமீட்டர் கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நாங்க நட்ட மாதிரிக் கல்லுதான் இது. வருஷத்துக்கு எத்தினியோ நடறோம். ஒருத்தன் நடந்து வந்து ஒண்ணொண்ணா படிச்சிக்கினே போவான்னு நெனச்சதே இல்ல."

"படிச்சா பரவால்லயே," என்றாள் மங்கை. "அடுத்த கல்லு வரைக்கும் சாவாம இருக்கணும்ல."

பத்தரை மணிக்கு அம்மாக்கண்ணு வீட்டு வாசல் வந்தது. அமலோற்பவம் வண்டியில் இருப்பதைப் பார்த்து அம்மாக்கண்ணு பதறி ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் ஜேம்ஸ் பக்கம் திரும்பினாள்.

"இதானா அந்த ஜேம்சு? நாலாந்தரம் எழுதி பாஸானவரு?"

ஜேம்ஸ் மோர்ச் சொம்போடு அப்படியே நின்றான்.

"உங்க பொண்ணு அனு எப்டி இருக்குது? ஊசின்னா அழுவுமாமே. கால்ல கம்பி இன்னும் உள்ளதான் இருக்குதா, எடுத்துட்டாங்களா?"

அடுத்த நாள் தரங்கம்பாடி டீக்கடையில் ராஜாராம் டீக்குக் காசு வாங்கவில்லை. சின்ன வயதில் கிணற்றில் விழுந்து எழுந்தவரிடம் காசு வாங்க மாட்டேன் என்றார். காரைக்காலுக்கு முன்னால் ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி, செஞ்சி அம்மாவோட தம்பியா என்று கேட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் யாரென்று அமலோற்பவத்துக்கே நினைவு வரவில்லை.

மதியம் வண்டிக்குப் பக்கத்தில் வந்து ஜேம்ஸ் கதவில் சாய்ந்தான்.

"யக்கா, இந்த ரோட்டுல ஒருத்தன் பாக்கியில்ல போலிருக்குது. பெயிலானதக் கூட சொல்லி வச்சிருக்க."

"பெயிலானதச் சொன்னாத்தான பாஸானது பெருசாத் தெரியும்."

அவன் சிரித்தான். ஆனால் சிரித்துக்கொண்டே வலது காலை மாற்றி மாற்றி வைத்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் காரைக்காலில் தங்கிய இடத்தில் அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்று கொப்புளம். ஊசியைக் காய்ச்சி நூல் கோத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொப்புளத்துக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, கம்பி வைக்கக் கிழித்த நீளத் தழும்பு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் அதை அவள் பார்த்ததில்லை. தழும்பைச் சுற்றி வீங்கியிருந்தது.

அவன் படுத்த பிறகு அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சொன்ன வார்த்தையை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். அவன் நடந்து வருவான் என்றுதான் சொன்னாள். அவன் பெயரில் யாராவது நடப்பார்கள் என்று சொல்லவில்லை. வார்த்தைப்படி பார்த்தால் அவள் நடந்த ஆறு வருஷமும் கணக்கில் வராது. இவன் நடக்கிற இந்த மூன்று நாள்தான் வரும். அதுவும் செஞ்சியிலிருந்து இல்லை, சீர்காழியிலிருந்து. அப்படியென்றால் ஏழு வருஷமும் அப்படியே பாக்கி கிடக்கிறது. இது தோன்றியதும் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. நாள் பூராவும் தைத்த துணியை, தப்பு அளவு என்று யாரோ திருப்பிக் கொடுத்தது போல இருந்தது.

கடைசி நாள் நாகப்பட்டினம் தாண்டியதும் ஜேம்ஸ் நொண்ட ஆரம்பித்தான். கூட்டம் முன்னால் போய்விட்டது. கொடியேற்றத்துக்கு நேரமாகிறது என்று செபாஸ்தியான் சப்பரத்தை வேகமாகத் தள்ளச் சொல்லிவிட்டார். ரோடு முழுக்கக் காவியும் கொடியுமாகக் கூட்டம் நெரித்தது. அதன் ஓரத்தில் ஜேம்ஸ் பத்தடிக்கு ஒரு தடவை நின்றான். அமலோற்பவம் அரிகிருஷ்ணனை வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"ஏறு ஜேம்சு."

"வரேன், நீ போ."

"ஏறுன்றன் இல்ல. போதும்."

"ஏறுனா கணக்கு கெட்டுடும்னு சொன்ன?"

"கெட்டா கெடட்டும். உன் காலப் பாக்க முடியல என்னால. நான் சொல்றேன், ஏறு."

அவன் வண்டியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அக்கா, நான் உன் மாதாவுக்காக நடக்கல. சீர்காழிலேருந்து நாலு பேராவது கேட்டுட்டாங்க, நீங்கதான் அந்தத் தம்பியான்னு. இப்ப நான் வண்டியில போய் எறங்குனா, அடுத்த வருஷம் அந்த மோர்க்காரம்மாகிட்ட நீ இன்னா சொல்லுவ? எட்டு கிலோமீட்டருதான். கல்லு பாத்தேன்."

வண்டியை அவன் நடைக்கு ஓட்டச் சொன்னாள். அரிகிருஷ்ணன் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனான். பின்னால் ஹாரன் அடித்தவர்களை மங்கை திட்டிக்கொண்டே வந்தாள். அவளும் முன்னால் போகாமல் நின்றுவிட்டவள். அவர்கள் போய்ச் சேரும்போது கொடி ஏற்றியாகிவிட்டது. வேட்டுச் சத்தத்தை வழியிலேயே கேட்டார்கள். எல்லோரும் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கொடியேற்றம் பார்த்துவிட்டு இவர்களுக்காகக் காத்திருந்த செபாஸ்தியான், இவர்களைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் விடியற்காலையில்தான் உள்ளே போக முடிந்தது. ஜேம்ஸ் ஒரு பக்கமும் மங்கை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். மாதா முன்னால் நின்றது அரை நிமிஷம் இருக்காது. பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள்.

"இன்னா வேண்டிக்கின?" என்று வெளியே வந்ததும் ஜேம்ஸ் கேட்டான்.

"கால் வலிக்குதுன்னு சொன்னேன். நீ?"

"நானும் அதத்தான்."

"ஒரே வீட்டுலேருந்து ரெண்டு மனு," என்றாள் மங்கை.

மங்கை கூட்டத்தோடு வேனில் கிளம்பினாள். ஜேம்ஸின் கார் சீர்காழி மண்டபத்தில் நின்றுகொண்டிருந்ததால் அக்காவும் தம்பியும் அங்கே போக பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது.

"உக்காருக்கா."

"நீ உக்காரு. கம்பி வச்ச காலு."

"டாக்டர் உன்னத்தான ஊனக் கூடாதுன்னாரு."

"நான் மூணு நாளா வண்டியிலதான வந்தேன். நீ உக்காரு."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மொட்டை அடித்த ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். நாகப்பட்டினம் வரைக்கும் நின்றுகொண்டே போக வேண்டியதாயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜேம்ஸ் கேட்டான்.

"எத்தினி வருஷம் பாக்கிக்கா? நெஜத்தச் சொல்லு. வேணும்னா வரேன். லீவு சொல்றது ஒண்ணும் கஷ்டமில்ல."

அவன் அதை மனசாரத்தான் கேட்டான். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆறு, ஏழு, ஆறேமுக்கால் என்று காரைக்காலில் போட்ட கணக்கெல்லாம் ஒரு தடவை வந்து போயிற்று. அன்றைக்கு அவனைக் கேட்காமல் அவனுடைய காலைக் கொடுத்தாள். இப்போது மாதாவைக் கேட்காமல் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சிது," என்றாள்.

"முழுசாவா?"

"முழுசா முடிஞ்சிது. இனிமே உன் பேர்ல ஒண்ணும் இல்ல."

அவன் நெற்றியைக் கையில் சாய்த்துக்கொண்டு, நின்றபடியே தூங்க ஆரம்பித்தான். பஸ் குலுங்கும்போது விழுந்துவிடாமல், அமலோற்பவம் தன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அவன் சட்டைத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.